வெயிட் மெஷின விட்டுட்டு இன்ச் டேப்ப எடுங்க – வாசகியர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 27 வயசு, இன்னும் கல்யாணம் ஆகல. மஞ்சக்குப்பத்துல வீடு, பாண்டியில ஒரு துணிக்கடையில பில்லிங்ல வேலை. உயரம் 155 செ.மீ, வெயிட் 61. கை கால் எல்லாம் குச்சி, வயிறு மட்டும் முன்னாடி வந்து நிக்குது. பீரியட்ஸ் 50 நாள், 60 நாள்னு வருது, ஸ்கேன்ல பிசிஓடின்னு சொன்னாங்க. கழுத்து வேற கருத்துப் போச்சு. போன வாரம் பஸ்ல ஒரு அம்மா எழுந்து எடம் குடுத்து "எத்தனாவது மாசம்மா"ன்னு கேட்டுட்டாங்க, நானும் "அஞ்சு"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன். டாக்டர்கிட்ட போனா "வெயிட்ட குறைச்சுட்டு வாம்மா"ன்னு ரெண்டே நிமிஷத்துல அனுப்பிட்டாங்க. வெறும் வயித்துல சுகர் 92, நார்மலாம். அப்ப எனக்கு என்னதான் பிரச்னை? – பேர் வேண்டாம், கடலூர்

பதில்: "அஞ்சு"ன்னு சொல்லிட்டு உக்காந்தீங்க பாருங்க, அத படிச்சிட்டு சிரிக்கிறதா அழுவுறதான்னே தெரியல எனக்கு. ஒரு விஷயம் முதல்ல சொல்லிடறேன், நான் மருந்து எழுதற ஆள் இல்ல, சாப்பாடு பாக்குற ஆள்.

பிசிஓடி, பிசிஓஎஸ், நீர்க்கட்டின்னு சொல்றாங்களே, எல்லாம் ஒண்ணுதான், அது நெசமா கட்டியே கிடையாது. ஓவரிக்குள்ள, அதாவது சினைப்பைக்குள்ள, பாதி வளந்து அப்படியே நின்னு போன சின்னச் சின்ன முட்டைப்பைங்கதான் ஸ்கேன்ல கருப்பு கருப்பா மணி கோத்த மாதிரி தெரியும். அது ஏன் நின்னு போகுதுன்னு பாத்தா, முக்கால்வாசி பேருக்கு விஷயம் இன்சுலின்ல வந்து முடியும். காது மந்தமான தாத்தா ஒருத்தர் வீட்ல இருக்காருன்னு வைங்க. சாப்பிட கூப்பிடணும்னா கத்தணும். ஒரு தடவ கூப்பிட்டா கேக்காது, இன்னும் சத்தமா, இன்னும் சத்தமா. கடைசியில தாத்தா எழுந்து வந்துடுவாரு, ஆனா பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு காது நல்லாவே கேக்குதே, அவங்க தூக்கம் போச்சு. அந்த தாத்தா உங்க தசை, சாப்பாடு ரத்தத்துல இருக்குற சர்க்கர, கத்துறது இன்சுலின், பக்கத்து வீடு உங்க ஓவரி. அந்த சத்தத்துல ஓவரி ஆண் ஹார்மோன அதிகமா சுரக்குது, அந்த ஹார்மோன கட்டிப் போட்டு வைக்க லிவர் தயாரிக்கிற ஒரு புரதமும் குறைஞ்சு போகுது, அதான் தாடையில முடி, முகப்பரு, தள்ளிப் போற பீரியட்ஸ் எல்லாம். வெறும் வயித்து சுகர் 92 வந்துச்சே, அது தாத்தா எழுந்து வந்துட்டாருங்கறதுக்கு மட்டும்தான் கணக்கு, எத்தன தடவ கத்தினாங்கன்னு அதுல தெரியாது.

கழுத்து கருப்பும் இதோட வேலைதான், அழுக்கு இல்ல. என் அத்த பொண்ணு பீர்க்கங்கா நார் போட்டு தேய்ச்சு தேய்ச்சு கழுத்த புண்ணாக்கிக்கிட்டா, கருப்பு அப்படியேதான் இருந்துச்சு. இன்சுலின் குறைஞ்சா அது மெதுவா மங்கும்.

இப்ப வயித்துக்கு வரேன். தோலுக்கு கீழ கையில பிடிச்சா மாட்டுற கொழுப்பு வேற, குடல சுத்தி உள்ள உக்காந்திருக்குற கொழுப்பு வேற. உள்ள இருக்குறதுதான் வில்லங்கம், அதுல இருந்து கசியிற கொழுப்பமிலம் நேரா லிவருக்கு போற ரத்தக்குழாய்ல கலக்குது, லிவர்ல கொழுப்பு படியுது, இன்சுலின் சொன்னா அதுவும் கேக்க மாட்டேங்குது, அப்புறம் இன்னும் கத்தல், இன்னும் வயிறு. அதனால எது முதல்ல வந்துச்சுன்னு வீட்ல உங்கள குத்தவாளி கூண்டுல ஏத்த வேணாம்னு சொல்லுங்க, பரம்பரையாவும் வரும், ஒண்ண ஒண்ணு வளத்தும் விடும்.

டாக்டர் வெயிட்ட மட்டும் பாத்து அனுப்பிட்டாங்க, அங்கதான் கோட்ட விடறோம். இன்ச் டேப்ப எடுங்க. பாவாடை நாடா கட்டுற எடத்துல வச்சு அளக்காதீங்க, நம்மள்ல பாதி பேர் நாடாவ தொப்பைக்கு கீழ எறக்கித்தான் கட்டுவோம், அளவு பொய்யா வரும். கடைசி விலா எலும்பு முடியிற எடத்த கையால தடவி பாருங்க, இடுப்பு எலும்போட மேடு எங்கன்னு பாருங்க, ரெண்டுக்கும் நடுவுல டேப்ப சுத்தி, மூச்ச சாதாரணமா விட்டு முடிச்சப்ப பாக்கணும், வயித்த எக்கி ஏமாத்தக் கூடாது. நம்ம ஊர் பொண்ணுங்களுக்கு 80 செ.மீ தாண்டுனா எச்சரிக்கை. உங்க உயரத்துக்கு பாதின்னு பாத்தாலும் 77 சொச்சம்தான் வருது.

அடுத்து டாக்டர்கிட்ட போறப்ப 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சிட்டு 2 மணி நேரம் கழிச்சு பாக்குற டெஸ்ட்ட கேளுங்க, அது 140க்கு கீழ இருக்கணும். கூடவே பிரஷர், ட்ரைகிளிசரைடு (ரத்தத்துல இருக்குற ஒரு கொழுப்பு), ஹெச்டிஎல் (நல்ல கொழுப்பு). ட்ரைகிளிசரைடு 150க்கு கீழயும் ஹெச்டிஎல் 50க்கு மேலயும் இருந்தா நல்லது. பீரியட்ஸ் 90 நாள தாண்டிப் போச்சுன்னா மட்டும் காத்துக்கிட்டு இருக்காதீங்க, கர்ப்பப்பை உள்சுவர் தடிச்சுக்கிட்டே போகும், அதுக்கு மருந்து குடுத்து வர வைப்பாங்க.

சாப்பாடு. பிசிஓஎஸ்க்குன்னு தனி டயட் ஒண்ணும் கிடையாது, இன்னது மத்தத விட ஒசத்தின்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கல, டாக்டர் மாத்திரை குடுத்தா பட்டை தண்ணி வெந்தய தண்ணிய எல்லாம் நம்பி அத நிறுத்திடாதீங்க. கேள்வியோட நீங்க அனுப்புன ஒரு நாள் சாப்பாட்டு கணக்குல இட்லி அஞ்ச விட என் கண்ணு போனது கடையில குடிக்கிற மூணு டீ, ரெண்டு ரெண்டு ஸ்பூன் சர்க்கர, சாயந்தரம் பேக்கரி பப்ஸ். அங்க கை வைங்க முதல்ல. மதிய சோத்த ஒரு கரண்டி குறைச்சு அந்த எடத்துல கீரையோ சுண்டலோ மீனோ வரட்டும், முதுநகர்ல மத்தியும் கானாங்கெளுத்தியும் வஞ்சிரத்த விட எவ்ளோ மலிவு, வறுக்காம குழம்பா வைங்க. பண்ருட்டி பலா சீசன்ல நாலு சுளையோட எழுந்துடுங்க, ஒரு பலாவுக்கு முன்னாடி உக்காந்து கணக்கு பாக்குறது கஷ்டம்னு எனக்கும் தெரியும்.

ராத்திரி சாப்பிட்டதும் படுக்காம ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் நடங்க. தசை வேலை செய்யிறப்ப இன்சுலின் கூப்பிடாமலே சர்க்கரைய எடுத்துக்கும், அதாவது தாத்தா தானா எழுந்து வந்து தட்டு போட்டு உக்காந்துடுவாரு. வாரத்துல 150 நிமிஷம் வேகமான நடை, ரெண்டு நாள் தசைக்கு வேலை: நாற்காலியில கைய ஊனாம உக்காந்து எழுந்திருக்கிறது, சுவத்துல கை வச்சு தள்ளுறது போதும். லீவு நாள்ல சில்வர் பீச்ல மணல்ல நடந்து பாருங்க, ரோட்ட விட மணல்ல கால் வலிக்கும். 61ல 3 கிலோ குறைஞ்சாலே நெறைய பேருக்கு பீரியட்ஸ் ஒழுங்குக்கு வர ஆரம்பிக்குது. வெயிட் அசையாம இடுப்பு மட்டும் 3, 4 செ.மீ எறங்கினாலும் அது ஜெயிச்ச கணக்குதான்.

கேள்வி: எனக்கு சுகரே இல்ல, பிசிஓஎஸ்க்கு மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரைய குடுத்திருக்காங்க. அட்டைய பாத்துட்டு மாமியார் "கல்யாணத்துக்கு முன்னாடியே சுகரா, மறைச்சுட்டீங்களா"ன்னு கேக்குறாங்க. வயிறும் கலக்குது. – நெல்லிக்குப்பம்

பதில்: மாமியாருக்கு மேல இருக்குற தாத்தா கதைய படிச்சு காட்டுங்க. அந்த மாத்திரை சுகர் உள்ளவங்களுக்கு மட்டும் இல்ல, இன்சுலின் கத்துறத குறைக்கவும்தான் குடுக்கிறாங்க. வயித்து கலக்கம் ஆரம்பத்துல சகஜம், சாப்பாட்டோட போடுங்க, அப்பவும் அடங்கலன்னா டோஸ கொஞ்சமா ஆரம்பிச்சு ஏத்தலாமா, மெதுவா கரையிற மாத்திரையா மாத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. வருஷக்கணக்கா போட்டா வைட்டமின் பி12 குறையலாம், நடுவுல ஒரு தடவ பாத்துக்குங்க. இன்னொண்ணு, பீரியட்ஸ் ஒழுங்கா வர ஆரம்பிச்சா கரு தங்குற வாய்ப்பும் திரும்ப வரும். இப்ப கொழந்த வேணாம்னு நெனச்சா அதுக்கு தனியா ஏற்பாடு பண்ணிக்கணும், "நமக்கு தான் பிசிஓஎஸ் ஆச்சே"ன்னு சும்மா இருந்து திடுக்குனு வந்து நிக்கிறவங்கள நான் பாத்துட்டேன்.

கேள்வி: தொப்பை குறைய பெல்ட் வாங்கலாமா? – லாஸ்பேட்டை

பதில்: வேணாம், வேர்வை தான் போகும். பெல்ட்ட விடுங்க, ஆபரேஷன் பண்ணி தோலுக்கு கீழ இருந்த கொழுப்ப கிட்டத்தட்ட 10 கிலோ உறிஞ்சி எடுத்தே பாத்துட்டாங்க, 2004ல அமெரிக்காவுல 15 பெண்கள வச்சு வந்த ஆராய்ச்சி அது. சில வாரம் கழிச்சு பாத்தா இன்சுலின், பிரஷர், ரத்தக் கொழுப்பு எதுவுமே மாறல. உள்ள இருக்குறது அப்படியே இருந்துச்சுல்ல.

கேள்வி: என் பொண்ணுக்கு 16 வயசு, ஒல்லியாதான் இருப்பா. வயசுக்கு வந்து ரெண்டரை வருஷம் ஆகுது, பீரியட்ஸ் 40 நாளைக்கு ஒரு தடவ வருது. முகப்பரு, முகத்துல முடி எதுவும் இல்ல. ஸ்கேன் எடுத்து பிசிஓடின்னு சொல்லிட்டாங்க, அழுதுகிட்டே இருக்கா. – முத்தியால்பேட்டை

பதில்: அக்கா, அந்த வயசுல ஸ்கேன் எடுத்தா நல்லா இருக்குற நெறைய பொண்ணுங்களுக்கும் அப்படித்தான் தெரியும். வயசுக்கு வந்து 8 வருஷம் வரைக்கும் ஸ்கேன வச்சு இத முடிவு பண்ணக் கூடாதுன்னு 2023ல வந்த சர்வதேச வழிகாட்டுதல்லயே இருக்கு. முதல் மூணு வருஷத்துல 45 நாள் வரைக்கும் தள்ளிப் போனாலும் பயப்பட வேணாம், அதுக்கப்புறமும் 35 நாள தாண்டிக்கிட்டே இருந்தா அப்ப காட்டலாம். ஒல்லியா இருந்தா பிசிஓஎஸ் வராதுன்னு நான் சொல்லல, வரும். ஆனா இந்த வயசுல பீரியட்ஸும் தாறுமாறா இருக்கணும், ஆண் ஹார்மோன் கூடுனதுக்கு அடையாளமும் இருக்கணும், ரெண்டும் சேந்தாதான் கணக்கு. இப்போதைக்கு ஒரு காலண்டர குடுத்து தேதிய அவளையே குறிக்க சொல்லுங்க. "இவளுக்கு நீர்க்கட்டி"ன்னு சொந்தக்காரங்ககிட்ட போன்ல பேசறத மட்டும் இன்னையோட நிறுத்திடுங்க, அவ பக்கத்து ரூம்ல இருந்து கேட்டுக்கிட்டுதான் இருப்பா.