பழைய காரில் டிஃபரன்ஷியலை (எஞ்சின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) மாற்றப்போனால், பின்சக்கர ஹப் (சக்கரம் பூட்டப்படும் குடம்) ஆக்ஸில் ஷாஃப்டை (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) விட்டு வரவே மாட்டேன் என்கிறது. எப்படிப் பிரிப்பது?

ஷாஃப்ட் முனை கூம்பாக இருந்தால் குற்றவாளி துரு மட்டுமல்ல. நட்டை இறுக்கிய விசையில் இரண்டு உலோகப் பரப்புகளும் ஆப்பு அடித்த மாதிரி கவ்விக்கொண்டிருக்கும். அதனால் துரு நீக்கும் எண்ணெய் மட்டும் போதாது.

நட்டு கழலாமல் தடுக்கும் கம்பியான காட்டர் பின்னை உருவிவிட்டு நட்டை 2, 3 சுற்று தளர்த்துங்கள், அவ்வளவுதான். முழுக்கக் கழற்றவே கூடாது: ஹப் விடுபடும்போது ‘டமார்’ என்று குதிக்கும், அதைத் தடுத்து நிறுத்துவது அந்த நட்டுதான். நேர் எதிரேயும் நிற்காதீர்கள். மூன்று கால் புல்லர் (விளிம்பைக் கவ்வி இழுத்துக் கழற்றும் கருவி) பிரேக் டிரம் விளிம்பை வளைத்துவிடும். வீல் ஸ்டட்களில் (சக்கரத்தைப் பூட்டும் மரைத்தண்டுகள்) பூட்டும் ஹப் புல்லர்தான் சரி. நடுத்திருகை நன்றாக இறுக்கி, அந்த இழுவிசையிலேயே ஓர் இரவு விட்டால் பல நேரம் காலையில் தானாக விட்டிருக்கும்.

இல்லையென்றால் ஹப்பின் நடுப்பகுதியைச் சுற்றி ஒரே சீராகச் சூடாக்குங்கள். ஷாஃப்டைச் சூடாக்கினால் அதுவும் விரிந்து பிடி இன்னும் இறுகும். உலோகம் சிவக்கும்வரை போகவேண்டாம். எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் பொசுங்கும், புதிது போட்டே ஆகவேண்டும்.

ஷாஃப்ட் முனையில் சம்மட்டியால் அடிப்பதுதான் பெரிய தவறு. மரை நசுங்கும், அதிர்ச்சி பேரிங் வரை போகும்.

பிரிந்ததும் ஷாஃப்டின் சாவிக்காடி (ஹப்பையும் ஷாஃப்டையும் சேர்த்துச் சுழலவைக்கும் உலோகச் சாவி உட்காரும் பள்ளம்) மூலைகளில் மயிரிழை விரிசல் இருக்கிறதா பாருங்கள்; இருந்தால் அந்த ஷாஃப்டை மீண்டும் பூட்டாதீர்கள்.