பாடத்திட்டம் மாறும்வரை உங்கள் மகளால் காத்திருக்க முடியாது

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பத்தாம் வகுப்பு முடிக்கப்போகும் மகள் இயந்திரவியல் பட்டயப் படிப்பில்தான் சேருவேன் என்கிறாள். நீங்களும் அவள் அப்பாவும் மேல்நிலைப் பள்ளி, அதன்பின் பட்டம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். இதற்கு நடுவில் கல்விச் சீர்திருத்த அறிவிப்பு வந்துவிட்டது. தேர்வு முறை மாறும், தொழிற்கல்வி பள்ளிக்கே வரும், மனித வளம் பெருகும் என்கிறார்கள். "இதெல்லாம் நடக்கும்வரை பொறுத்திருந்து பார்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொறுத்திருக்க வேண்டாம் அம்மா. சீர்திருத்தம் வரட்டும், வரவேண்டும். ஆனால் அது நடக்கும் வேகம் வேறு, உங்கள் மகள் வளரும் வேகம் வேறு. கல்வி என்றாலே எல்லோரும் கைகாட்டும் பின்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகைப் பள்ளியில் படிக்கும் பொதுப் பள்ளி முறைக்கான சட்டம் அங்கே 1968-இல் நிறைவேறியது. 1972-இல் வடக்கே தொடங்கிய மாற்றம் நாடு முழுவதும் பரவி முடிய 1977 ஆனது. பள்ளி ஆசிரியர்களுக்கு முதுகலைப் பட்டம் கட்டாயமானது அதன் பிறகுதான். 2001-இன் இறுதியில் பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிடும் முதல் பிசா (PISA) தேர்வின் முடிவுகள் வெளியானபோது உலகம் அந்த நாட்டைத் திரும்பிப் பார்த்தது. சட்டத்துக்கும் அந்த நாளுக்கும் இடையே 33 ஆண்டுகள். உங்கள் மகள் இன்னும் சில மாதங்களில் விண்ணப்பப் படிவத்தை நிரப்ப வேண்டும்.

ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது? புதிய பாடநூலை ஓர் ஆண்டில் அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். அதைக் கையில் எடுக்கும் ஆசிரியர், தமக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்களோ அப்படித்தான் சொல்லிக்கொடுப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வேறு விதமாக நடத்த அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. ஆண்டு முடிவில் வரும் வினாத்தாளும் மனப்பாடத்துக்கே மதிப்பெண் தருகிறது என்றால், எந்தக் கொள்கையும் வகுப்பறைக் கதவைத் தாண்டி உள்ளே போகாது.

என் மேசையில் எப்போதும் ஒரு வெர்னியர் அளவுகோல், அதாவது பொருளைத் தாடைகளுக்கு இடையே வைத்து நுட்பமாக அளக்கும் கருவி, இருக்கும். சில மாதங்களுக்கு முன் முதல் வகுப்பில் தேறிய பொறியியல் பட்டதாரி ஒருவர் வேலை கிடைக்கவில்லை என்று வந்தார். பேச்சு வளர்ந்தபோது அந்த அளவுகோலையும் ஓர் இரும்பு உருளையையும் கொடுத்து விட்டத்தை அளக்கச் சொன்னேன். அந்தக் கருவியால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவான மீச்சிற்றளவின் சூத்திரத்தைத் தாளில் பிழையில்லாமல் எழுதினார். பிறகு அளவுகோலைத் தலைகீழாகப் பிடித்தார். அளக்கும் முன் தாடைகளை மூடி, அளவு சுழியத்தில் நிற்கிறதா என்று சுழிப்பிழை பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கல்லூரியில் ஒரு கருவிக்குப் பன்னிரண்டு பேர் என்றும், யாரோ ஒருவர் அளக்க மற்றவர்கள் அளவீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டோம் என்றும் தலையைக் குனிந்தபடி சொன்னார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பிள்ளையின் பெற்றோர் நான்கு ஆண்டுகள் கட்டணம் கட்டியிருக்கிறார்கள்.

இனி உங்கள் மகளைப் பற்றி. தேர்வு வாரத்தில் பழுதான தையல் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டாள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அதே வரியில், கழற்றிய உறுப்புகளை விரிப்பின்மேல் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் அருகிலும் பென்சிலால் எண் எழுதியிருந்தாள் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். விட்டுவிட்டு விழுந்த தையல் மறுநாள் சரியாகிவிட்டது. அம்மா, நான் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தது அந்த வரிக்காகத்தான். எதையும் பிரிக்கத் துணிகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். திரும்பச் சேர்ப்பதை நினைத்து எண் போட்டுக்கொண்டே பிரிக்கிற பிள்ளை அபூர்வம்.

பட்டம் இல்லாவிட்டால் யார் மதிப்பார்கள் என்ற உங்கள் பயத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். அது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை. கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் வருமானத்தைச் சராசரியாக 9 சதவீதம் அளவுக்கு உயர்த்துகிறது என்று உலகளாவிய ஆய்வுகள் காட்டுகின்றன. பெண்களுக்கு அந்தப் பலன் ஆண்களைவிடக் கூடுதல். ஆகவே அவள் சீக்கிரம் படிப்பை நிறுத்திக்கொள்ளலாம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் சராசரிக்குள் அந்த முதல் வகுப்புப் பட்டதாரியும் இருக்கிறார். ஆண்டுகளை எண்ணினால் மட்டும் போதாது, அந்த ஆண்டுகளில் என்ன கற்றாள் என்று பார்க்க வேண்டும்.

தென்கொரியாவின் அனுபவம் இரண்டு பக்கமும் பாடம் சொல்கிறது. 1945-இல் பெரும்பாலான மக்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாத நாடு அது. முதலில் தொடக்கப் பள்ளி எல்லோருக்கும் என்றார்கள், பிறகு நடுநிலை, அதன்பின் மேல்நிலை என்று அடித்தளத்திலிருந்து மேலே வந்தார்கள். இன்று அங்கே 25 முதல் 34 வயது வரை உள்ளவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் உயர்கல்வி முடித்தவர்கள். இவ்வளவு பேர் பட்டம் பெற்றபின், படிப்புக்கேற்ற வேலை இல்லாத இளைஞர்கள் ஒரு பக்கம், திறன் மிக்க தொழில்நுட்பர் கிடைக்காத ஆலைகள் மறு பக்கம் என்றாகிவிட்டது. அதனால்தான் 2010-இல் மைஸ்டர் பள்ளிகள் என்ற பெயரில் தொழில்திறன் உயர்நிலைப் பள்ளிகளைத் தொடங்கினார்கள்.

சுவிட்சர்லாந்தில் கட்டாயக் கல்வி முடிக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்கல்வியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாரத்தில் ஓரிரு நாள் பள்ளி, மற்ற நாள்களில் நிறுவனத்தில் ஊதியத்துடன் பயிற்சி. தொழிற்கல்வியோடு ஒரு கூடுதல் தேர்வு எழுதினால் உயர்கல்விக்கும் போகலாம். அந்த வழி திறந்திருப்பதால்தான் அங்கே பெற்றோர் துணிந்து பிள்ளைகளை அனுப்புகிறார்கள். நம்மைப் போன்ற வளரும் நாடுகளில் தொழிற்கல்வியைத் தோற்றவர்களின் ஒதுக்குப்புறமாக வைத்துவிட்டு, பிறகு யாரும் சேரவில்லையே என்று கவலைப்படுகிறோம். எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான்.

எனவே அந்தப் பட்டயக் கல்லூரியில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இங்கே முடித்தபின் பட்டப்படிப்பில் சேர முடியுமா, படித்த ஆண்டுகள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுமா? வாய்ச்சொல்லாக வேண்டாம், விதியை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். வழி இருக்கிறது என்றால் உங்கள் பயத்தில் பாதி தீர்ந்துவிடும். இல்லை என்றால், கையால் செய்து பழகும் வாய்ப்பு உள்ள வேறு கல்லூரியையோ, தொழிற்பிரிவு உள்ள மேல்நிலைப் பள்ளியையோ தேடுவோம்.

அடுத்து, வரவேற்பறையில் உட்காராமல் நேரே பட்டறைக்குப் போங்கள். வேலை நாளில் போங்கள். கடைசல் இயந்திரத்தின் (லேத்) மேல் எண்ணெய்ப் பிசுக்கும் இரும்புத் துகளும் இருந்தால் நல்லது. உறை போர்த்தித் தூசு படிந்திருந்தால் அங்கே பாடம் நடப்பதில்லை என்று பொருள். ஒரு கருவிக்கு எத்தனை மாணவர்கள் என்று ஆசிரியரிடம் கேட்காமல் மாணவர்களிடம் கேளுங்கள். பெண்கள் எத்தனை பேர் படிக்கிறார்கள், கழிப்பறை எங்கே, மாலையில் பட்டறை எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் தயங்காமல் கேளுங்கள். போன ஆண்டு முடித்தவர்களில் இரண்டு மூன்று பேரிடம் நேரில் பேசினால், சுவரில் ஒட்டியிருக்கும் வேலைவாய்ப்புப் பட்டியலைவிட அதிகம் தெரிந்துகொள்வீர்கள்.

வீட்டில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. வளரும் நாடுகளில் 10 வயதுக் குழந்தைகளில் 53 சதவீதம் பேரால் ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று உலக வங்கி 2019-இல் கணக்கிட்டது. பெருந்தொற்றுக்குப் பின் அது 70 சதவீதமாக உயர்ந்திருக்கும் என மதிப்பிட்டது. அவர்களில் பலர் பள்ளிக்குப் போகிறவர்கள்தான். நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளிடமும் இந்த ஓட்டை மறைந்திருக்கிறது. தையல் இயந்திரத்தின் கையேட்டில் அவள் பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்து, உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். பின்னம், விகிதம், அலகு மாற்றம் மூன்றிலும் நான்கு கணக்குகள் போடச் சொல்லுங்கள். பட்டயப் படிப்பை முதலாண்டிலேயே விட்டுவிட்டு என்னிடம் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் கணக்கில்தான் தடுக்கி விழுந்தார்கள். அவள் தடுமாறினால் கவலை வேண்டாம்; விடுமுறை இரண்டு மாதம் அதற்குப் போதும்.

விண்ணப்பக் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பாவது மூவரும் வாருங்கள். அவள் அப்பாவும் கட்டாயம் வரவேண்டும். வரும்போது உறுப்புகளுக்கு எண் எழுதிய அந்த விரிப்பையும் கொண்டுவாருங்கள். எந்த உறுப்பில் பழுதைக் கண்டுபிடித்தாள் என்று அவள் வாயால் கேட்க எனக்கு ஆசை.