எழுதுவோர் கேள்வி–பதில்: பதினைந்து வயதில் ஒரு பெரிய நோய்

இளையோர் நாவல் எழுதுகிறவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் நோயைப் பற்றியவை குவிந்துவிட்டன. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில்.

என் நாயகன் பத்தாம் வகுப்பு மாணவன். விளையாட்டு விழாவில் மூக்கில் ரத்தம் வடிந்து மயங்கி விழுகிறான். ரத்தப் புற்றுநோய். அடுத்த அத்தியாயத்தில் மொட்டைத் தலையோடு படுக்கையில் இருக்கிறான். இருபதாவது அத்தியாயத்தில் இறக்கிறான். நடுவில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மருத்துவம் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? – ஒரு வாசகர், கோவில்பட்டி

நடுப்பகுதி வெறுமையாக இருப்பதற்குக் காரணம், பையனுக்கு என்ன நோய் என்று நீங்களே இன்னும் முடிவு செய்யவில்லை. 'ரத்தப் புற்றுநோய்' என்பது போதாது. சிறுவர்களுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் பெரும்பகுதி அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லூக்கீமியா. வார்டில் 'ஏ.எல்.எல்.' என்பார்கள். அதற்கு வாரக் கணக்கில் வகுத்த சிகிச்சை அட்டவணை உண்டு. அந்த அட்டவணையை ஒரு தாளில் எழுதி மேஜைக்கு எதிரே ஒட்டுங்கள். உங்கள் நடு அத்தியாயங்கள் பாதி அதிலேயே கிடைக்கும்.

தொடக்கத்திலிருந்து வருவோம். மூக்கில் ரத்தம், மயக்கம் எல்லாம் சினிமா பார்த்துப் பழகிய கை. பெரும்பாலும் நடப்பது இப்படி: இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டுக் காய்ச்சல், மாடி ஏறினால் மூச்சு வாங்குதல், காலில் எலும்பு வலி, பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம், கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள். தெருமுனை டாக்டர் டெங்குவாக இருக்குமோ என்று ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார். டெங்குவிலும் பிளேட்லெட் குறையும் என்பதால் நம் ஊரில் இது இயல்பான குழப்பம். வீட்டில் பப்பாளி இலைச் சாறு பிழியத் தொடங்கியிருப்பார்கள். ஆய்வகத்தில் ரத்தத் துளியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர் அறிக்கையை அனுப்பாமல் டாக்டருக்கு நேரடியாகப் போன் செய்வார். மயங்கி விழுவதைவிட இதில் பதற்றம் அதிகம்.

பிறகு இடுப்பெலும்பின் பின்பக்கம் ஊசி செலுத்தி எலும்பு மஜ்ஜை எடுப்பார்கள். முதல் கட்டச் சிகிச்சை நான்கைந்து வாரம்: வாரம் ஒருமுறை ரத்த நாளத்தில் வின்கிரிஸ்டின், தினமும் ஸ்டீராய்டு, இடையிடையே அஸ்பராஜினேஸ் ஊசி, முதுகுத் தண்டைச் சுற்றியுள்ள நீரில் மெதோட்ரெக்ஸேட். கட்டம் முடிந்ததும் மறுபடி மஜ்ஜைப் பரிசோதனை. அடுத்த ஆறேழு மாதம் கடுமையான கட்டங்கள். அதன்பின் 'மெயின்டனன்ஸ்' என்கிற நீண்ட மாத்திரைக் காலம். மொத்தம் ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை வருடம். பத்தாம் வகுப்பில் படுத்தவன் கடைசி மாத்திரையை விழுங்கும்போது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்திருக்கும்.

ஒவ்வொரு மருந்தும் உடம்பில் வெவ்வேறு தடம் பதிக்கும். 'கீமோவால் சோர்ந்து போனான்' என்று பொதுவாக எழுதுவது சோம்பல். ஸ்டீராய்டு எடுக்கும் நாட்களில் நடுராத்திரி இரண்டு மணிக்குப் பசிக்கும், முகம் உப்பும், காரணமில்லாமல் எரிந்து விழுவான். புற்றுநோய் என்றாலே இளைத்துப் போவான் என்று நினைக்கும் சொந்தக்காரர்கள் 'நல்லா தேறிட்டானே' என்பார்கள். வின்கிரிஸ்டினால் மலச்சிக்கல், தாடை வலி, விரல் நுனி மரத்தல் வரும். சிலருக்குப் பாதத்தைத் தூக்க முடியாமல் ரப்பர் செருப்பு காலைவிட்டு நழுவிக்கொண்டே இருக்கும். டானோரூபிசின் மருந்தே செக்கச் சிவப்பு. போட்ட பிறகு ஒரு நாள் இரண்டு நாள் சிறுநீரும் சிவக்கும். முன்கூட்டியே சொல்லப்படாத பையன் ரத்தம் என்று நினைத்து அலறுவான். முடி ஒரே இரவில் கொட்டாது. இரண்டு மூன்று வாரம் கழித்துத் தலையணையில் தொடங்கும்.

கைப்பிரதிகளில் அடிக்கடி வரும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறோம்: 'முதுகில் வின்கிரிஸ்டின் போட்டார்கள்.' போட்டால் உயிர் போய்விடும். அது ரத்த நாளத்தில் மட்டுமே ஏற்றும் மருந்து. கை மாறிவிடக் கூடாது என்பதற்காகவே, சிரிஞ்சில் எடுக்காமல் சிறு பையில் கலந்து ஏற்றச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இருபதாவது அத்தியாயத்துக்கு வருவோம். வசதியான நாடுகளில் இந்நோய் வந்த குழந்தைகளில் சுமார் 90 சதவீதம் பேர் ஐந்து வருடம் தாண்டி வாழ்கிறார்கள். பதின்வயதினரில் இது சற்றுக் குறைவு. இந்தியாவிலும் குறைவுதான், தொற்றும், பாதியில் சிகிச்சையைக் கைவிடுவதும் அதற்கு முக்கியக் காரணங்கள். ஆகவே சாவு தானாக வந்து சேரும் முடிவல்ல, நீங்கள் எடுக்கும் முடிவு. எதனால் இறக்கிறான் என்று எழுத வேண்டும். மூன்றாவது வாரத்தில் தொற்றில் போவது ஒரு நாவல். எல்லாம் முடிந்து பள்ளிக்குத் திரும்பியபின் நோய் மறுபடி வந்து போவது முற்றிலும் வேறொரு நாவல்.

பையனே 'நான்' என்று சொல்வதுபோல எழுதுகிறேன். மருத்துவ விவரங்கள் பாடப் புத்தகம் மாதிரி வருகின்றன. – ஒரு வாசகி, நாகர்கோவில்

உங்கள் கடிதத்தில் இருக்கும் வரி இது: 'வெள்ளை அணுக்கள் குறைந்ததால் என் நோய் எதிர்ப்புச் சக்தி பாதிக்கப்பட்டு எனக்குத் தொற்று ஏற்பட்டது.' பதினைந்து வயதுப் பையன் யாரிடம் இப்படிப் பேசுவான்? அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

'ராத்திரி பதினொன்றுக்கு அம்மா மறுபடி தெர்மாமீட்டர் வைத்தாள். நூறு புள்ளி ஆறு. "சட்டைய மாத்து" என்றாள். "காலையில போலாம்மா" என்றேன். அவள் ஃபைலைப் பைக்குள் வைத்து முடித்திருந்தாள். பாரசிட்டமால் கேட்டேன். தரவில்லை.'

இதற்குள் ஒரு விதி ஒளிந்திருக்கிறது. கீமோ போட்ட ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் தொற்றோடு போராடும் வெள்ளை அணுக்களான நியூட்ரோபில்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே அவசரம். மருத்துவமனை சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். பாரசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும் என்பதால்தான் கேட்காமல் தராதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள். அம்மாவுக்கு இது தெரியும். பையன் விளக்க வேண்டியதில்லை. வாசகருக்கு அவள் கை வேகமே போதும்.

நோயின் பெயரைப் பெற்றோர் மகளிடம் மறைக்கிறார்கள் என்று எழுதலாமா? இந்தக் காலத்தில் நம்புவார்களா? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

தாராளமாக நம்புவார்கள். 'பிள்ளைகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்' என்று கதவுக்கு வெளியே கெஞ்சும் பெற்றோர் எல்லா வார்டிலும் உண்டு. நம்ப முடியாதது, அந்தப் பெண் கடைசிவரை கண்டுபிடிக்காமல் இருப்பதுதான். வார்டு வாசலில் பலகை இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் முடியில்லாத ஆறு வயதுக் குழந்தை இருக்கிறது. மாத்திரை அட்டையில் பெயர் இருக்கிறது, கையில் போன் இருக்கிறது. ஆகவே ரகசியம் இரண்டாம் வாரத்தில் உடையட்டும். தனக்குத் தெரியும் என்பதை அவள் பெற்றோரிடம் மறைக்கத் தொடங்குவது அதைவிட நல்ல கதை.

ஒரு சட்ட நுணுக்கம் உங்களுக்கு உதவும். 18 வயதுக்குள் என்றால் சிகிச்சைக்குப் பெற்றோர் கையெழுத்துப் போடுவார்கள். ஆனால் ஆய்வில் இருக்கும் புதிய மருந்து என்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைப்படி 12 வயதுக்கு மேற்பட்டவரின் எழுத்துபூர்வ இசைவும் வேண்டும். படிவத்தில் நோயின் பெயர் அச்சாகியிருக்கும். அதை அவள் முன் வைக்காமல் மருந்து தர முடியாது. அப்பா அந்தப் படிவத்தோடு வராந்தாவில் நிற்கும் இடத்தில் வசனமே தேவைப்படாது.

இரண்டரை வருடம் என்றால் கதை தொய்ந்துவிடாதா? – ஒரு வாசகர், ஈரோடு

தொய்யும், எல்லாவற்றையும் எழுதினால். முதல் நாற்பது நாளுக்கு நாவலில் பாதியைக் கொடுங்கள். நடு ஆறேழு மாதத்தை ஐந்தாறு அத்தியாயத்தில் தாண்டுங்கள். மீதியை மெயின்டனன்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் இதைத்தான் தாண்டிவிடுகிறார்கள். பதின்வயதுக் கதை நிஜமாகத் தொடங்குவதோ இங்கேதான்.

முடி வளர்ந்துவிட்டது, பள்ளிக்குப் போகிறான், வெளியே நோயாளி மாதிரி தெரியவில்லை. தினமும் இரவு மெர்காப்டோப்யூரின், வாரம் ஒருநாள் மெதோட்ரெக்ஸேட். நண்பர்களோடு சுற்றுலா போன இடத்தில் மாத்திரைப் பெட்டியை எடுக்க வெட்கம். ஒருநாள் விடுகிறான். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி விடுகிறான். விட்டுவிட்டு விழுங்கினால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும் என்று தெரிந்தும் பதின்வயதினர் இதைச் செய்கிறார்கள்.

அகப்படுவது எப்படி என்பதில்தான் சுவாரசியம். இந்தக் கட்டத்தில் நியூட்ரோபில் எண்ணிக்கையை ஏறக்குறைய 500-க்கும் 1,500-க்கும் இடையே அடக்கிவைக்கும்படி மருந்தளவைக் கூட்டிக் குறைப்பார்கள். மாத்திரை உள்ளே போகாவிட்டால் எண்ணிக்கை ஏறும். ரிப்போர்ட்டில் 4,000 பார்த்து அம்மா சந்தோஷப்படுவாள். டாக்டர் முகம் சுருங்கும். 'டோஸைக் கூட்டட்டுமா, இல்ல நீ ஏதாவது சொல்லணுமா?' என்று பையனைப் பார்த்துக் கேட்பார்.

வார்டில் ஒரு காதல் வைக்கலாமா? – ஒரு வாசகர், சேலம்

வையுங்கள், ஆனால் அணுக்கள் குறைந்த நாட்களில் பூங்கொத்தோடு யாரையும் உள்ளே விடாதீர்கள். பூவும் வெளிச் சாப்பாடும் அப்போது தடை. பார்க்க வருபவருக்கு முகக்கவசம், கைகழுவல். முத்தத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும்!

யாரும் எழுதாத ஒரு காட்சி இருக்கிறது. பருவமடைந்த பையன்களிடம் கீமோவுக்கு முன் விந்தணுவைச் சேமிப்பது பற்றி டாக்டர் பேச வேண்டியிருக்கும், சில சமயம் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது. அப்பா ஆவதைப் பற்றி அதுவரை யோசித்தே இராத ஒருவனிடம் அதைப் பற்றிக் கேட்கும் அந்த ஐந்து நிமிடத்தை நாணாமல் எழுதினால், அது எந்தக் காதல் காட்சியையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

புற்றுநோய் தவிர வேறு நோய் கூடாதா? – ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

கூடும், புதிதாகவும் இருக்கும். பரம்பரையாக வரும் ரத்தச் சோகையான தலசீமியா கடுமையாக உள்ள பெண்ணுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏறிய ரத்தத்தின் இரும்பு உடலில் தேங்கும். அதை நீக்கும் மருந்தைச் சரியாக எடுக்காவிட்டால் வளர்ச்சியும் பருவமடைதலும் தள்ளிப்போகும். பதினாறு வயதில் பதினொன்று போலத் தெரிகிறவளை எல்லோரும் 'பாப்பா' என்கிறார்கள். இதைவிடப் பதின்வயதுச் சிக்கல் வேறு எது?

முதல் வகை நீரிழிவு சிறுகதைக்கு அடக்கமானது. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும். 15 கிராம் குளுக்கோஸ், அதாவது ஏறக்குறைய மூன்று டீஸ்பூன் சர்க்கரை, எடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். தேர்வு அறையில் அந்தப் பதினைந்து நிமிடம் ஒரு முழுக் கதை. எலும்புப் புற்றில் ஆஸ்டியோசார்கோமா என்பது பெரும்பாலும் முழங்கால் அருகே, வேகமாக வளரும் வயதில் வருவது. ஆட்டத்தில் அடிபட்ட வலி என்று நாள் கடத்துவார்கள்.

நேரில் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது? – மூன்று வாசகர்கள்

குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் வேலை செய்த நர்ஸ். டாக்டரைவிட அவருக்கே ஊசி குத்தும் நொடியில் பிள்ளை என்ன கேட்கும் என்று தெரியும். அடுத்தது, பதின்வயதில் நோய் வந்து இப்போது பெரியவராகிவிட்டவர். சிகிச்சையில் இருக்கும் பிள்ளையிடம் கைப்பிரதியை நீட்டாதீர்கள். நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் நோட்டோடு வார்டுக்குள் போகவும் வேண்டாம். 'எப்படி உணர்ந்தீர்கள்?' என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். 'பையில் என்னென்ன வைத்திருந்தீர்கள்? பிளேட்லெட் கொடுக்க ஆள் தேடி எத்தனை பேருக்கு வாட்ஸ்அப் போனது? காப்பீட்டு கவுன்ட்டரில் எந்தச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்?' என்று கேளுங்கள். பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும், முன்கூட்டி வாங்கி அடுக்க முடியாது என்பதெல்லாம் அந்தப் பதில்களில் தானாக வரும்.

கடைசியில் மலைக் கிராமத்து வைத்தியர் ஒருவர் மூலிகையால் குணப்படுத்துவதாக முடிக்கலாமா? – ஒரு வாசகர், தேனி

வேண்டாம். கீமோவை நிறுத்திவிட்டு மருந்து தேடிப் போகும் குடும்பத்தை எழுதுங்கள், அது நிஜத்தில் நடக்கிறது. வைத்தியர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் ஏ.எல்.எல். அதில் குணமாகாது. சில மாதத்தில் காய்ச்சலும் புள்ளிகளும் திரும்பும். மறுபடி மருத்துவமனைக்கு வரும்போது அட்டவணை முதல் வாரத்திலிருந்து, முன்பைவிடக் கடுமையான மருந்துகளோடு தொடங்கும். முடிவை மாற்ற மனமில்லையென்றால் நோயை மாற்றுங்கள்.