அம்மா தந்த குளிசையும் இரண்டு வருடத் தடையும்

கேள்வி: கொழும்பிலுள்ள கழகமொன்றுக்குச் சம்பளத்துக்கு உதைபந்தாட்டம் விளையாடுகிறேன். வீடு திருகோணமலை உப்புவெளியில். லீவில் வந்திருந்தபோது கணுக்கால் வீங்கியது. அம்மா தன் கால் வீக்கத்துக்குக் கிளினிக்கில் கொடுக்கும் குளிசையில் இரண்டைத் தந்தா. இரண்டாம் நாள் மட்ச் முடிந்ததும் எடுத்த சிறுநீரில் ‘ஃபுரோசமைட்’ இருந்ததாம். அம்மாவை இழுக்க மனமில்லாமல், விசாரணையில் “எப்படி வந்ததென்று தெரியாது” என்றேன். இரண்டு வருடம் தடை. கடிதம் கிடைத்து ஒன்பது நாளாகிறது. மேன்முறையீடு செய்து பயனுண்டா?

பதில்: தம்பி, பயனுண்டு. ஆனால் அம்மாவை மறைத்துக்கொண்டு போனால் இல்லை.

முதலில் நாட்கணக்கைப் பாருங்கள். யாரிடம், எத்தனை நாளுக்குள் மேன்முறையிடலாம் என்பது முடிவுக் கடிதத்திலேயே இருக்கும். சுவிட்சர்லாந்தின் லோசானிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்கானால் 21 நாள். உங்கள் நிலையிலுள்ள வீரர்களுக்குப் பெரும்பாலும் உள்நாட்டு மேன்முறையீட்டுக் குழுதான். இங்கே ஊக்கமருந்து விடயங்களுக்கென்றே 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அந்த வழி திறந்திருக்கும்போது திருகோணமலை நீதிமன்றத்தில் வழக்குப் போட ஓடவேண்டாம், நாள்தான் போகும்.

ஃபுரோசமைட் உடம்பிலுள்ள நீரை இறக்கும் மருந்து. சிறுநீரை ஐதாக்கி வேறு ஊக்கமருந்தை மறைக்க உதவும் என்பதால் எந்நேரமும் தடை. உங்கள் உடம்பில் இருப்பதற்கு நீங்களே பொறுப்பு, தெரியாது என்பது விடுதலை தராது. ஆனாலும் இது ‘குறித்துரைக்கப்பட்ட’ பொருட்களில், அதாவது வேறு காரணத்துக்காகவும் ஒருவர் எடுத்திருக்கக்கூடியவற்றில், ஒன்று. வேண்டுமென்றே எடுத்ததாகக் குற்றஞ்சாட்டும் தரப்பு நிரூபிக்காவிட்டால் இரண்டு வருடம். உங்கள் கவனக்குறைவு பெரிதல்ல என்று காட்டினால் அதிலிருந்து வெறும் கண்டிப்பு வரைக்கும் குறைக்க இடமுண்டு. அதற்கு முதற்படி, மருந்து எப்படி உடம்புக்குள் வந்தது என்று காட்டுவது. நீங்கள் வாய்மூடி இருந்தது அந்த இடத்தில்தான்.

இதே மருந்தில் அகப்பட்டவர், அப்போது நெதர்லாந்தின் அஜாக்ஸ் கழகக் கோல்காப்பாளராக இருந்த ஆந்த்ரே ஒனானா. சுகமில்லாத ஒரு காலையில் மனைவியின் குளிசையைத் தவறி விழுங்கிவிட்டார். ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கம் கொடுத்த 12 மாதத்தை 2021 யூனில் நடுவர் மன்றம் 9 ஆக்கியது. மறைக்காமல் பேசியும் ஒன்பது மாதம் போனது. அவர் மாறி எடுத்தார், நீங்கள் இன்னொருவருடைய மருந்தென்று தெரிந்தே எடுத்தீர்கள். ஆகவே முழு விடுதலையை எதிர்பார்க்க வேண்டாம்.

நண்பர்கள் கிரிக்கெட் வீரர் குசல் பெரேராவின் கதையைச் சொல்வார்கள். 2016இல் அவர் மீதான குற்றச்சாட்டு கைவிடப்பட்டதற்குக் காரணம் ஆய்வுகூட முடிவே நிலைக்காமல் போனது. நீங்கள் குளிசை விழுங்கியது உண்மை. உங்கள் சிறுநீரில் ஒதுக்கி வைத்த இரண்டாம் போத்தலைச் சோதிக்கக் கேட்டுக் காசைக் கரைக்காதீர்கள்.

அம்மாவின் கிளினிக் கொப்பியை எடுங்கள். திகதியும் மருந்தின் பெயரும் அளவும் உள்ள பக்கங்களைப் பிரதி எடுங்கள். குளிசை போட்டுத் தந்த அந்தச் சின்னக் கடதாசி உறை, பேனையால் “காலை 1” என்று எழுதியது, இருந்தால் எறியவேண்டாம். அம்மாவும் நீங்களும் சமாதான நீதவான் முன் தனித்தனியே சத்தியக்கடதாசி முடியுங்கள். உங்களுடையதில் முன்பு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். மேன்முறையீட்டில் புதிய சான்றை முன்வைக்கலாம், ஆனால் இரண்டாவது பொய்யைத் தாங்காது. விசாரணையைக் குழப்பியதாகத் தனிக் குற்றமே வரலாம். சிறுநீர் கொடுத்தபோது கையொப்பமிட்ட படிவத்தில் முன் ஏழு நாளில் எடுத்த மருந்து கேட்டிருப்பார்கள். அதில் என்ன எழுதினீர்கள் என்று பார்த்து உங்கள் சட்டத்தரணியிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

மேன்முறையீடு போட்டதும் தடை தானாக நிற்காது, குழு உத்தரவிட்டால்தான் நிற்கும். அதுவரை ஏகாம்பரம் மைதானத்தில் உதைபந்தாட்டச் சங்கத்தின் கீழ் நடக்கும் சுற்றுப்போட்டியில், ஊர்க் கழகம் ஆள் குறைவென்று கெஞ்சினாலும் இறங்காதீர்கள். இறங்கினால் அதே அளவு தடை மேலும் சேரும். தனியே கடற்கரையில் ஓடுவதை யாரும் தடுக்கமாட்டார்கள்.

அம்மா பயந்துபோயிருப்பா. பிள்ளையின் கால் வீங்கியதைப் பார்த்து, தெரியாமல் தன் மருந்தைக் கொடுத்த தாயைக் கூண்டில் நிறுத்த எழுதிய விதிகளல்ல இவை. இதை இன்றிரவே அவவிடம் சொல்லுங்கள். 21 நாள் என்றால் உங்களிடம் மிச்சம் பன்னிரண்டுதான், சத்தியக்கடதாசிக்கு அவவும் கூட வரவேண்டும்.