கூட்டாகக் கட்டிய குடியிருப்பு: பிரியும்போது கணக்கை எப்படித் தீர்ப்பது?

கேள்வி: ஒருவர் நிலம் தந்தார், மற்றவர் பணம் போட்டார். சில வீடுகள் விற்காத நிலையில் பிரிகிறார்கள். யாருக்கு எவ்வளவு?

முதலில் கணக்கு முடிக்கும் தேதியை எழுத்தில் முடிவு செய்யுங்கள். அது இல்லாமல் பேசினால் ஒவ்வொரு ரசீதும் சண்டையாகும்.

ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால், வழக்கமான வரிசை இது: வெளிக்கடன், பங்குதாரர் தனியாகக் கொடுத்த கடன், முதலீடு, கடைசியில் லாபம். சொத்தெல்லாம் விற்று 200 வருகிறது என்போம். வங்கிக்கும் ஒப்பந்ததாரருக்கும் 90 போனால் மீதி 110. பணம் போட்டவர் இடையில் தந்த கடன் 20, மீதி 90. முதலீடு நிலம் 45, பணம் 15. மிஞ்சும் 30 லாபம். லாபம் பாதிப் பாதி என்றால் நிலக்காரருக்கு 60 (45 + 15), மற்றவருக்கு 50 (கடன் 20 + முதலீடு 15 + லாபம் 15). அந்த 20 கடனா முதலீடா என்பது முக்கியமாக நஷ்டம் வந்தால் கடிக்கும். அதனால்தான் பணம் தரும் அன்றே எழுதி வைக்கச் சொல்வது.

பெரிய தகராறு நிலத்தின் விலையில்தான். கூட்டின் சொத்தாகவே நிலம் சேர்ந்திருந்தால், சேர்ந்த நாளின் மதிப்புதான் பொதுவாக முதலீடு. பிறகு ஏறிய விலை லாபம். உபயோகத்துக்கு மட்டும் விட்டிருந்தால் கதையே வேறு.

ஒப்படைக்காத வீட்டுக்கு வாங்கிய முன்பணம் வருமானமல்ல, கடன். கட்டுமானக் குறைகளைச் சரிசெய்ய ஒரு தொகையை மூன்றாம் நபரிடம் நிறுத்தி வையுங்கள். விலகுபவர் வங்கிக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்திருந்தால், கூட்டாளியோடு போட்ட பிரிவினைப் பத்திரம் வங்கியைக் கட்டுப்படுத்தாது. வங்கியிடமே விடுவிப்புக் கடிதம் வாங்க வேண்டும்.

நீதிமன்றத்துக்குப் போகும் முன் ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள்.