ஆக்சில் ஷாஃப்ட் கியர்பாக்ஸை விட்டு வர மறுப்பது ஏன்?

ஆல்-வீல்-டிரைவ், அதாவது நான்கு சக்கரங்களையும் இன்ஜின் சுழற்றும் காரில், கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டுதான் ஆக்சில் ஷாஃப்ட். பல கார்களில் அதன் உள்முனைப் பள்ளத்தில் வாய் பிளந்த ஒரு கம்பி வளையம், அதாவது சர்க்ளிப், உட்கார்ந்திருக்கும். இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் கியருக்குள் நுழைந்ததும் அது விரிந்து பூட்டிக்கொள்ளும். சுருங்கினால்தான் ஷாஃப்ட் வெளியே வரும். அடிபட்ட கியர்பாக்ஸில் கிளிப் கோணலாகச் சிக்கியிருக்கலாம். ஷாஃப்ட் முனையில் கியரோடு கோக்கும் பற்கள் முறுக்கத்தில் இறுகியும் இருக்கலாம்.

சட்டையின் பிரஸ் பட்டன் மாதிரிதான். துணியை இழுத்தால் துணி கிழியும். பட்டனுக்கு அடியில் நகம் கொடுத்து வெடுக்கென்று நெம்பினால் திறக்கும். இங்கேயும் ஷாஃப்டைப் பிடித்து இழுத்தால் உள் ஜாயின்ட்தான், அதாவது கியர்பாக்ஸ் பக்கம் ஷாஃப்ட் மடங்க உதவும் மூட்டுதான், பிரிந்து, ரப்பர் உறைக்குள் ரோலர்கள் கழன்றுவிடும்.

ஆயிலை வடித்து, நியூட்ரலில் போட்டு, நான்கு சக்கரங்களையும் தரையிலிருந்து தூக்குங்கள். ஜாயின்ட் கிண்ணத்துக்கும் கியர்பாக்ஸ் உடலுக்கும் நடுவே கடப்பாரை கொடுத்து வெடுக்கென்று நெம்புங்கள். அலுமினிய விளிம்பு உடையும், தடித்த பாகத்தில் ஊன்றுங்கள். அசையவில்லையா? ஷாஃப்டைக் கால் சுற்று திருப்பி எதிர்ப்பக்கம் நெம்புங்கள். கிளிப்பின் வாய் இடம் மாறும். அதற்கும் மசியாவிட்டால் கவை பொருத்திய ஸ்லைடு ஹாமர்தான், அதாவது கம்பியில் சறுக்கும் எடையால் வெளிப்பக்கம் அடித்து இழுக்கும் கருவிதான். மாட்டும்போது சர்க்ளிப்பும் ஆயில் சீலும் புதிதாக இருக்கட்டும்.

பழைய சுபாரு கார்களில் கதையே வேறு: ஜாயின்ட் கிண்ணத்தின் குறுக்கே ஒரு ரோல் பின், அதாவது தகட்டைச் சுருட்டிச் செய்த குச்சி, இருக்கும், முதலில் அதைத் தட்டி எடுக்க வேண்டும்.

துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது என்று பலர் கேஸ் டார்ச்சின் தீயால் சூடு காட்டுகிறார்கள். கிளிப் வகையில் பற்கள் கியர் ஆயிலுக்குள்ளேயே இருப்பதால் துரு அநேகமாகக் காரணமல்ல, சூட்டில் வேகுவது சீல் மட்டுமே.