நூல் இழுக்கும் தயிருக்குக் காரணம் பால் இல்லை, உறைமோர்

பாலை மாற்ற வேண்டாம், முதலில் உறைமோரைச் சோதித்துப் பாருங்கள். மழை தொடங்கியதிலிருந்து தயிர் கரண்டியோடு நூலாக இழுக்கிறது, புளிப்பும் குறைவு என்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் குளிர்தான் காரணம்.

உறைமோரில் பலவகை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் உண்டு. 40 முதல் 45 டிகிரியில் வேகமாக வளர்பவை நன்றாகப் புளிக்க வைத்துக் கெட்டியாக உறைய வைக்கும். பால் ஆறிப்போனால் அவை மந்தமாகிவிடும்; குறைந்த வெப்பத்தில் வளரும் வேறு சில முந்திக்கொள்ளும். அவற்றில் சில தங்களைச் சுற்றி நீளமான சர்க்கரைச் சங்கிலிகளைச் சுரக்கும். அந்த நூல் இதுதான். விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள், வெண்டைக்காய்க் கொழகொழப்பு தெரியும். பின்லாந்தில் 'வீலி' என்ற தயிரை இப்படி இழுபடுவதற்காகவே உறைய வைக்கிறார்கள்!

இன்று ஒரே பாலை இரண்டு கிண்ணங்களில் ஊற்றுங்கள். சுண்டுவிரல் தாங்கும் சூடு இருக்கட்டும். ஒன்றில் உங்கள் உறைமோர், மற்றதில் பக்கத்து வீட்டில் வாங்கியது. இரண்டையும் துணி சுற்றி மூடிய பாத்திரத்துக்குள் வையுங்கள். உங்களுடையது மட்டும் இழுத்தால் பழைய உறைமோரைக் கொட்டிவிடுங்கள். இரண்டுமே நன்றாக உறைந்தால் உறைமோரில் குறையில்லை, இதுவரை சூடுதான் போதவில்லை. எங்கள் வீட்டில் மார்கழியில் அப்படித்தான் ஆனது.

ஒன்று மட்டும் கவனம்: கெட்ட வாடை, கசப்பு, இளஞ்சிவப்பு அல்லது பச்சைத் திட்டு இருந்தால் இந்த விளக்கம் பொருந்தாது. சுவைத்துப் பார்க்காமல் கொட்டிவிட்டு, பாத்திரத்தைக் கொதிநீரில் கழுவுங்கள்.